வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை

ஆறாவது மாதம் முடியும் தறுவாயில் என்னை ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து, கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி, ரத்தம் எடுத்தார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்கிற பரிசோதனைதான் என்று மகப்பேறு மருத்துவர் சொல்லியிருந்ததால் கணவரைக்கூட அழைத்துப்போகவில்லை. புனேயில், ஹிஞ்சவடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு டெஸ்டிங் வேலை. ரத்தம் கொடுத்த கையோடு ஷேர் ஆட்டோ பிடித்து அலுவலகம் போய்விட்டேன். மறுநாள் மாலை போன் வந்தது. சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள். இன்னொரு முறையும் கூடுதலாகவே வந்தது.

"கர்ப்பகாலத்துச் சர்க்கரை. பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும்" என்றார் மருத்துவர். "இப்போதைக்கு ஊசி வேண்டாம். சாப்பாட்டை வைத்துப் பார்ப்போம். கீழ்த்தளத்தில் டயட்டீஷியன் இருக்கிறார், இன்றைக்கே பார்த்துவிட்டுப் போங்கள்."

டயட்டீஷியனுக்கு நாற்பது வயது இருக்கும். மராட்டிப் பெண். என்னிடம் ஹிந்தியும் ஆங்கிலமுமாகப் பேசினார். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். முதலில் என் எடையைக் கேட்பார், அதைச் சாப்பிடாதே இதைச் சாப்பிடாதே என்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் முந்தின நாள் காலை எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டேன் என்று மட்டும் கேட்டார். பிழை அறிக்கை சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். இட்லி, காபி, அலுவலகத்தில் ஆரஞ்சு ஜூஸ், மதியம் சாதம், சாயங்காலம் பிஸ்கட், இரவு மறுபடி சாதம். ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. அலமாரியைத் திறந்து மூன்று எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்து மேஜையில் வைத்தார். மராட்டியில் வாட்டி என்பார்கள். மூன்றும் மூன்று அளவு.

"உங்கள் வீட்டில் சாதம் எடுப்பது இதில் எது?"

மூன்றிலும் பெரியதைக் காட்டி, அதில் இரண்டு என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

"சாதத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நிறுத்தச் சொன்னால் நான்கு நாள் கேட்பீர்கள், ஐந்தாம் நாள் என் அறைப் பக்கமே வரமாட்டீர்கள். இந்த நடு வாட்டியில் ஒன்று. முதலில் காய், பருப்பு, அப்புறம் சாதம். இரவில் மட்டும் ஜோவார் பாக்ரி செய்து பாருங்கள்."

ஜோவார் என்றால் சோளம், பாக்ரி என்றால் அதில் தட்டுகிற ரொட்டி. எனக்கு அது கடைகளில் பார்த்த பொருள்தான், தின்று பழக்கமில்லை. ஜூஸுக்குப் பதில் பழத்தை அப்படியே கடித்துத் தின்னச் சொன்னார். மூன்று வேளையாகத் தின்பதை ஆறாகப் பிரிக்கச் சொன்னார். என் கேப் எத்தனை மணிக்கு வரும், கேன்டீனில் என்ன கிடைக்கும், மேலாளர் மீட்டிங்கின் நடுவே எழுந்து போக விடுவாரா என்பதையெல்லாம் கேட்டார். மேஜை இழுப்பறையில் வறுத்த கடலை வைத்துக்கொள்ளுங்கள், மீட்டிங்கில் கடலை மென்றால் யாரும் வேலையை விட்டு எடுக்கமாட்டார்கள் என்றார். சாப்பிட்டபின் கொஞ்சம் நடக்கச் சொன்னார். கடைசியாகக் கேட்டார்.

"வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா? அம்மா, அப்பா?"

"இல்லை. யாருக்கும் இல்லை" என்றேன்.

இரண்டு வாரம் அவர் சொன்னபடி நடந்தது. கணவர் சென்னைக்காரர், சோற்றுப் பிரியர். ஆனாலும் எனக்காகப் பாக்ரி தட்டக் கற்றுக்கொண்டார். முதல் சில பாக்ரிகள் தவாவிலிருந்து துண்டு துண்டாகத்தான் வந்தன. பிறகு வட்டமாக வந்தன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு பேரும் குடியிருப்பின் உள்சாலையில் நடப்போம். வாட்ச்மேன் எங்களைப் பார்த்துத் தலையாட்டுவார். அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. டயட்டீஷியன் பேப்பரைப் பார்த்துவிட்டு, "நல்லது, இப்படியே போகட்டும்" என்றார். அதிகம் பாராட்டுகிறவர் இல்லை.

எட்டாம் மாதம் அம்மா வந்தாள். முதல் பிரசவம் என்றால் பெண்தான் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். வேலையை அத்தனை நாள் விடமுடியாது என்பதால் அம்மாவே கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு வந்தாள். அப்பா தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். புனே ஸ்டேஷனில் இறங்கும்போது அம்மாவின் கையில் இரண்டு பெரிய தூக்குகள். ஒன்றில் அதிரசம், இன்னொன்றில் எள்ளுருண்டை. ஒரு பையில் நெய்.

சர்க்கரை விஷயத்தைப் போனில் சொல்லியிருந்தேன். அம்மா அதை டாக்டர்கள் சொல்கிற பல விஷயங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு என் தட்டைப் பார்த்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது.

"ஏங்கண்ணு, இது என்ன, பூனைக்கு வெச்ச மாதிரி? ரெண்டு உசுருக்குத் திங்கோணும் நீ."

"டயட்டீஷியன் சொன்ன அளவும்மா இது."

"நான் உன்னையும் உங்கண்ணனையும் பெத்தப்ப எவ வந்து சோத்த அளந்து போட்டா?"

மறுநாளிலிருந்து சமையலறை அம்மாவின் கைக்குப் போயிற்று. அவள் எதையும் ஒளித்துச் செய்யவில்லை. என் எதிரிலேயே இன்னொரு கரண்டி சாதம் வைப்பாள், அதன்மேல் நெய்யை ஊற்றுவாள். வேண்டாம் என்றால் கையை எடுக்காமல் நிற்பாள். அதிரசத்தை உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். எனக்குப் பசியும் இருந்தது. ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த வாரப் பரிசோதனையில் அளவு முதலில் இருந்ததைவிட மேலே போயிருந்தது.

"வீட்டில் என்ன மாறியது?" என்று கேட்டார் டயட்டீஷியன்.

"அம்மா வந்திருக்கிறார்."

அவர் சிரித்தார். "எட்டாம் மாதத்தில் எல்லோருக்கும் அம்மா வருவார்கள். அடுத்த முறை அழைத்து வாருங்கள். திட்டுவதற்கு இல்லை. சமைக்கிறவரோடு பேசாமல் உங்களோடு மட்டும் பேசி எனக்கு என்ன பிரயோஜனம்?"

அம்மாவை அழைத்துப்போவது சுலபமாக இல்லை. கடைசியில், பேத்தியோ பேரனோ உள்ளே எப்படி இருக்கிறது என்று டாக்டர் சொல்வார் என்றதும் புடவை மாற்றிக்கொண்டாள். கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அந்தப் பாட்டில் அவள் பக்கத்திலேயே இருந்தது. ரயிலில் வந்த சூடு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்பாள்.

டயட்டீஷியன் எழுந்து வணங்கி, ஆன்ட்டி என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மாவுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான். என்னென்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா விவரமாகச் சொன்னாள். எல்லாம் நல்ல சாப்பாடு, அளவு மட்டும்தான் மாற வேண்டும் என்றார் அவர். அதுவரை சுமுகமாகப் போயிற்று. இரவில் சாதத்துக்குப் பதிலாகச் சோளம் என்று நான் மொழிபெயர்த்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சோளமா? எங்கப்பன் காட்டுல வேற ஒண்ணும் வெளையாம அதத் தின்னுட்டுத்தான் நாங்க வளந்தோம். சோளச்சோறு தொண்டையில எறங்காம அழுதிருக்கறேன். வெள்ளச்சோறு தீவாளிக்கும் நோம்பிக்குந்தான். கல்யாணம் ஆகி வந்துதான் தெனமும் அரிசிச் சோறு கண்டேன். இப்ப வவுத்துப் புள்ளக்காரிக்கு நான் என்ற கையால சோளம் ஆக்கிப் போடோணுமா? ஊருல சொன்னா சிரிப்பாங்க. அவகிட்டச் சொல்லு."

"அம்மாவுக்குச் சோளம் அவ்வளவாகப் பிடிக்காது" என்றேன் ஹிந்தியில்.

டயட்டீஷியன் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அத்தனை நேரம் பேசியதற்கு இவ்வளவுதான் அர்த்தமா?"

மீதியையும் சொன்னேன். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. தன் பாட்டி வீட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள், சரி, சோளம் வேண்டாம் என்றார். பேசிக்கொண்டே அவர் அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அதற்குள் அம்மா பாட்டிலைக் காலி செய்து, வெளியில் போய் நிரப்பி வரச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தாள். நான் திரும்பியதும் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போய்வந்தாள். வந்து உட்கார்ந்ததும் மறுபடி குடித்தாள்.

"ஆன்ட்டி இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன்.

"வயசானா எந்திரிக்கத்தான் வேணும். ஏன், அதையும் அளக்கோணுமாக்கும்?"

"கால் எரிச்சல் உண்டா?"

"பித்தவெடிப்பு இருக்குது. எரியத்தான் செய்யும்."

விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா, அவர் விருப்பப்பட்டால் மட்டும் என்றார் டயட்டீஷியன். அம்மா மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டினாள்.

"பாக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்லீன்னு தெரிஞ்சா அவ வாய மூடுவா."

நர்ஸ் ஒருத்தி சின்னக் கருவியோடு வந்தாள். திரையில் எண் வந்ததும் டயட்டீஷியன் அதைச் சொல்லவில்லை. அம்மாவின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, வேறு விரலில் மறுபடி எடுக்கச் சொன்னார். இரண்டாவது தடவை கருவியை என் பக்கமும் திருப்பிக் காட்டினார். முந்நூற்றைத் தாண்டியிருந்தது. என் அளவெல்லாம் அதற்குப் பக்கத்திலேயே வராது.

"மிசினு கெட்டுப்போயிருக்கும்" என்றாள் அம்மா.

மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, பொது மருத்துவரும் பார்த்தார். மிஷினில் பழுதில்லை. பல வருடமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் அவர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கண்ணையும் காலையும் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை என்று நான் சொன்னதன் பொருள், யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது மட்டுமே.

அம்மா பயப்படவில்லை. அவளுக்கு வந்தது வெட்கம். "பொண்ணுக்குப் பேறு பாக்க வந்த எடத்துல நானே நோயாளியாட்டம் உக்காந்திருக்கறேன்" என்றாள். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் அதிகம் பேசாமல் சமைத்தாள். என் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைக்க வரும் கை பாதியில் நின்று திரும்பிப் போனது. மூன்றாம் நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலைநிமிராமல் கேட்டாள்.

"என்னாலதான் உனக்கு வந்துச்சா?"

 டயட்டீஷியனையே கேட்போம் என்றேன்.

அடுத்த முறை டயட்டீஷியன் அம்மாவுக்குத் தனியாக நேரம் ஒதுக்கியிருந்தார். நானும் கூடவே உள்ளே போனபோது என்னை வெளியில் உட்காரச் சொன்னார். "நீங்கள் நன்றாகத்தான் மொழிபெயர்க்கிறீர்கள். ஆனால் மகளிடம் சொல்ல முடியாதது அவருக்கு இருக்கும். நீங்களும் அவர் சொன்ன பத்து வார்த்தையை இரண்டாக்கிவிடுகிறீர்கள்." எனக்குப் பதிலாக, அன்று விரலில் ரத்தம் எடுத்த நர்ஸைக் கூப்பிட்டார். அவள் தமிழ்ப் பெண் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் அப்பாவுக்குப் புனேயிலேயே தாபோடியில் தொழிற்சாலை வேலை, அவள் பிறந்து வளர்ந்தது அங்கேதான்.

"அம்மா, என் தமிழ் கொஞ்சம் இப்படித்தான் வரும், சமாளிச்சுக்கோங்க" என்றாள் அம்மாவிடம். "நேத்து ராத்திரி ஜேவண் என்ன?"

அம்மா விழித்தாள்.

"சாப்பாடு, சாப்பாடு. ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

கதவு மூடிக்கொண்டது. நான் வெளியில் கர்ப்பிணிகளின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினாள். என்னோடு அவள் அத்தனை நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. ஒருமுறை இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம் வந்தது.  வெளியே வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.  ஆட்டோவில் ஏறியபின் ஒன்று மட்டும் சொன்னாள்.

"உன்ற நெறமும் என்றது, மூக்கும் என்றதாம். அதுக்கெல்லாம் அழுதீங்களான்னு கேக்கறா அவ."

அம்மா கடைசிவரை சோளம் தின்னவில்லை. டயட்டீஷியனும் அதை மறுபடி எடுக்கவில்லை. அதற்குப் பதில் கோதுமை ரவை, பச்சைப்பயறு, கீரை, அளந்து வைத்த சாதம் என்று ஊர்ச் சமையலிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாட்டிக் கணக்கு அம்மாவுக்குப் பிடிபடவில்லை என்றதும், வீட்டுக் கரண்டியையே எடுத்துவரச் சொல்லி, அந்தக் கரண்டியில் எனக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு என்று காட்டிக் கொடுத்தார்கள். அதன்பின் அம்மா கறாராகிவிட்டாள். கணவர் மட்டும் எங்கள் எதிரில் அதிரசத்தைத் தின்றார். இரவு நடைக்கு மூன்று பேராகப் போனோம். அம்மா வேகமாக நடப்பாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன்.

வளைகாப்பன்று ஐந்து வகை சாதம் செய்தோம். முந்தின வாரமே டயட்டீஷியனைக் கேட்டிருந்தேன். "அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்தால் வருஷம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. அடுத்த நாள் பழையபடி" என்றார். அம்மா பரிமாறினாள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, தலை தட்டி.

மகன் பிறந்தான். எடை சரியாக இருந்தது. பிறந்த கொஞ்ச நேரத்திலேயே அவன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தைக்குப் பிறந்ததும் அளவு திடீரென்று இறங்கலாம், அதற்காகப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். குழந்தை அழுது ஓய்ந்தது. அளவு சரியாகவே இருந்தது. சரி என்று தெரிந்தபிறகும் அவள் கொஞ்ச நேரம் திரும்பவில்லை.

ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை போயிருந்தது. போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள், பின்னால் வர வாய்ப்பு உண்டு என்றார் டயட்டீஷியன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா குழந்தையை மடியில் ஆட்டிக்கொண்டே, "உன்றது போயிருச்சு. என்றது எங்கூடவேதான் வரும்" என்றாள். வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் ஊருக்குப் போனாள். முதல் வருடம் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. நன்றாக இருக்கிற மாதிரித் தோன்றினால் நிறுத்திவிடுவாள், தாகம் எடுத்தால் மறுபடி ஆரம்பிப்பாள். சர்க்கரையால் கண்ணில் ஒரு புள்ளி தெரிகிறது என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னபிறகுதான் ஒழுங்குக்கு வந்தாள். அப்பாவிடம் அவளே சொன்னாள். சொன்ன கையோடு அவரையும் கூட்டிப்போய்ப் பரிசோதித்தாள். அவருக்கு ஒன்றும் இல்லை. அதைக் கொஞ்ச நாள் அவர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவோடு அவள் நிறுத்திக்கொள்ளவில்லை. கல்யாண வீடுகளில் யார் அதிகம் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அண்ணன் போனில் சொன்னான். ஒருநாள் தன் அக்காவை, என் பெரியம்மாவை, கோயிலுக்கு என்று அழைத்துக்கொண்டு போய், போகிற வழியில் லேப் முன்னால் ஆட்டோவை நிறுத்திவிட்டாள். பெரியம்மாவுக்கும் இருந்தது.

"நல்லாத்தான் இருந்தேன், இவ கூட்டிட்டுப் போயி நோயாளி ஆக்கிப்போட்டா" என்று பெரியம்மா சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னாள். அம்மாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரு பொங்கல் பேசாமலே போயிற்று. பிறகு ஒருநாள் மதியம் அவளே போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. மாத்திரையைச் சோற்றுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று மட்டும் கேட்டாள். அம்மா சொன்னாள். அப்புறம் இரண்டு பேரும் சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தார்களாம்.